ஞாயிற்றுக்கிழமை ஓட்டிய கார்

1984 ஜூலை மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. திண்டிவனத்தில் இன்சூரன்ஸ் சர்வேயர் வெங்கடாசலத்தின் வீட்டு முன்னால் ஒரு வெள்ளை அம்பாசிடர் கார் வந்து நின்றது. வந்து நின்றது என்பதைவிடத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள் என்பதே பொருத்தம். பின்னாலிருந்து தள்ளியவள் அமல்ராணி. முன்கதவைத் திறந்துவைத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தோள் கொடுத்துத் தள்ளியவன் அவள் கணவன் இன்னாசிராஜ். ரேடியேட்டரிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது.

இன்னாசிராஜுக்கு நாற்பத்து நாலு வயது. பத்தொன்பது வருஷம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஜீப் ஓட்டியவன். ஒலக்கூர் வட்டாரத்தில் யார் வண்டி வாங்கினாலும் அவனைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். பானெட்டைத் திறக்காமலேயே, சத்தத்தை மட்டும் கேட்டு, வண்டி தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவான் என்று பெயர். அந்தப் பெயர்தான் இப்போது போய்விட்டது.

மாடிப்படி ஏறும்போது அவன் கையில் ஒரு மஞ்சள் துணிப்பை இருந்தது. கார் காகிதங்கள் எல்லாம் அதற்குள். போலீஸ் ஸ்டேஷன், ஒரு வக்கீல் வீடு, மாதா கோயில் பங்குச் சாமியார் அறை என்று ஏற்கனவே மூன்று இடங்களில் அந்தப் பையை அவிழ்த்துக் காட்டிவிட்டு வந்திருந்தான்.

வெங்கடாசலம் ஒல்லியான மனிதர். தணிந்த குரல். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது விபத்து, எது பொய் என்று கம்பெனிக்கு எழுதித் தருவது அவர் தொழில். அவர் பக்கத்தில் தொந்தியும் கழுத்தில் கேமராவுமாக உட்கார்ந்திருந்தவர் துரைக்கண்ணு. பஸ் ஸ்டாண்டு எதிரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். முகூர்த்த நாளில் கல்யாணங்களையும் மற்ற நாளில் சர்வேயருக்காக நொறுங்கிய வண்டிகளையும் படமெடுப்பார். எந்த வழக்கானாலும் முதல் ஐந்து நிமிஷத்தில் குற்றவாளியைச் சொல்லிவிடுவார். இதுவரை ஒரு தடவைகூடச் சரியாக இருந்ததில்லை.

"உக்காருங்க. சொல்லுங்க," என்றார் வெங்கடாசலம்.

"சார், கீழ நிக்குதே அந்தக் காரு, அது நான் வாங்கின காரு இல்ல சார்."

"நம்பர் வேறயா?"

"அதே நம்பருதான் சார். 2714."

"என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர்?"

"எல்லாம் ஆர்சி புக்குல இருக்கிற மாதிரியே இருக்குது. ஆனா இது அது இல்ல." இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதற்காகவே இன்னாசிராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "ஸ்டேஷன்ல ரைட்டரு, தலைக்கு எண்ணெய் தேச்சுக் குளின்னு சொல்லி அனுப்பிட்டாரு."

வெங்கடாசலம் சிரிக்கவில்லை. "வாங்கின கதைய மொதல்லேர்ந்து சொல்லுங்க. சின்ன விஷயத்தக்கூட வுடாதீங்க."

இன்னாசிராஜ் சொன்னான்.

ஆஸ்பத்திரி வேலையை விட்டு, வந்த பணத்தோடு அமல்ராணியின் பங்கு நிலத்தை விற்ற பணத்தையும் சேர்த்து, சொந்தமாக ஒரு டாக்சி வாங்குவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். விழுப்புரம் திருச்சி ரோட்டில் ராஜாமணி என்பவர் பழைய கார் வாங்கி விற்கும் யார்டு வைத்திருந்தார். பின்பக்கம் வெளி வண்டிகளுக்கு சர்வீஸ் செய்யும் ஷெட்டும் உண்டு. ஜூன் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் முதல் பூசை பார்த்துவிட்டு, இருவரும் பஸ் ஏறிப் போனார்கள்.

"அங்க ஒரு வெள்ளை மார்க் த்ரீ அம்பாசிடர் நின்னுச்சு சார். நம்பர் 2714. ஸ்டார்ட் பண்ணேன். தூங்குற கொழந்த மூச்சு வுடுற மாதிரி இருந்துச்சு என்ஜின். விக்கிரவாண்டி வரைக்கும் ஓட்டிக்கினு போயி திரும்பினேன். ஒம்போதே காலுக்கு எடுத்தேன், பத்து மணிக்குக் கொண்டாந்து வுட்டேன்."

"நேரம் எப்பிடி இவ்வளவு கணக்கா ஞாபகம் இருக்கு?"

இன்னாசிராஜ் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான். பத்தொன்பது வருஷப் பழக்கம். எந்த வண்டியை எடுத்தாலும் மணியும் மீட்டரும் குறித்துவிடுவான். 'ஞாயிறு, 9.15, 41306. இறக்கம் 10.00, 41332' என்று எழுதியிருந்தது.

"சரி. அப்புறம்?"

"புடிச்சிருக்குதுன்னு சொன்னேன். ஆர்சி புக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல இருக்குது, பத்து நாள்ல பேர் மாத்தி, புது சீட் கவரு போட்டு, ஒரு கோட் பெயிண்டும் அடிச்சுத் தர்றேன்னாரு. ஒரு கடுதாசியில கையெழுத்து வாங்கிக்கினாரு. இருவதாந் தேதி புதன்கெழமை முப்பத்திரண்டாயிரத்தக் கட்டிட்டு வண்டிய எடுத்தேன். யார்டு கேட்ட தாண்டறதுக்குள்ளயே தெரிஞ்சிப் போச்சு சார். சத்தம் வேற. கிளட்ச்சு வேற. ஆயில் குடிக்குது. பத்து மைலு போனா கொதிக்குது. திரும்பிப் போயிக் கேட்டா, நீ ஓட்டிப் பாத்து வாங்கின காருதானே, கையெழுத்துப் போட்டிருக்கியேன்னு அந்தக் கடுதாசிய நீட்டுறாரு."

அமல்ராணி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "போன வாரம் சின்னபொண்ணுன்னு ஒரு புள்ள, வலி வந்து துடிச்சுக்கினு இருந்துச்சு. இவருதான் ஏத்திக்கினு போனாரு. ஒலக்கூர் தாண்டி நின்னுப் போச்சு. மல்லாட்டை மூட்டை ஏத்திக்கினு வந்த டிராக்டர்ல தூக்கிப் போட்டோம். டிராக்டர்லயே பொறந்துச்சு. மாதா புண்ணியத்துல ரெண்டும் பொழச்சுது. அதுக்கப்புறம் எங்க வண்டில யாரும் ஏற மாட்டேங்கறாங்க."

"இன்னாசிராஜ், அந்த ஞாயித்துக்கெழம காரைப் பத்தி இன்னும் சொல்லுங்க. ஒக்காந்ததும் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் வெங்கடாசலம்.

இன்னாசிராஜ் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். அந்தக் காரை அவன் மறக்கவில்லை. "சீட்டைப் பின்னால தள்ளினேன் சார். முட்டி ஸ்டியரிங்குல இடிச்சுது. அப்புறம்... உள்ள ஒரு வாசனை. ஆஸ்பத்திரி வாசனை. எனக்குப் பழகின வாசனையா, நல்ல சகுனம்னு நெனச்சேன்."

"ராஜாமணி எவ்வளவு உயரம்?"

"ஆறடி இருப்பாரு. வண்டியெல்லாம் எடுத்து வுடுற மெக்கானிக்கு பச்சைமுத்து அவரவிட ஒசரம்."

"வேற எதாவது சொன்னாங்களா?"

"பத்தரைக்குள்ள வந்துடு, பதினொரு மணிக்கு வண்டி ஷெட்டுல இருக்கணும்னாரு. பெட்ரோல் போடட்டுமான்னு கேட்டேன், வாணாம்னுட்டாரு."

"எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு அந்த பச்சைமுத்து," என்றாள் அமல்ராணி. "பின்சீட்டுல நான் பூவ எடுத்து வச்சேன். 'கறை படாமப் பாத்துக்கம்மா, அம்மா பாத்தா திட்டும்'னாரு. மொதலாளி சம்சாரம் போலன்னு நெனச்சுக்கினேன்."

துரைக்கண்ணுவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "சார், கேஸ் முடிஞ்சுது. அந்தப் பத்து நாள்ல என்ஜினைக் கழட்டி மாத்திட்டான். பச்சைமுத்துதான் ஆளு!"

"என்ஜின் நம்பர் ஆர்சி புக்கோட ஒத்துப்போவுதே, துரை."

"அப்ப நம்பரைத் தட்டி மாத்தியிருப்பான்."

"வாங்க, கேட்டுடுவோம்," என்று வெங்கடாசலம் கீழே இறங்கினார். யாரைக் கேட்கப் போகிறார் என்று இன்னாசிராஜுக்குப் புரியவில்லை. அவர் காரைத்தான் கேட்டார். என்ஜின் எண் தகட்டைத் துடைத்துப் பார்த்தார். பழைய துருவும் பழைய ஆணியும் அப்படியே இருந்தன. யாரும் தொடவில்லை. மீட்டரைச் சுற்றியிருந்த திருகுகளில் மட்டும் புதிய கீறல். பிறகு ரேடியேட்டர் முன் கிரில்லுக்குள் இரண்டு விரல்களை நுழைத்து எதையோ இழுத்தார். காய்ந்த வாழைநார். அதில் ஒட்டியிருந்த கருகிய இதழ்கள் ஒரு காலத்தில் சாமந்தியாக இருந்தவை. கிரில்லின் நாலு மூலையிலும் முடிச்சுகள் இருந்தன. பூவை அறுத்தவன் உள்பக்கத்து முடிச்சுகளை விட்டுவிட்டான்.

"ராஜாமணி யார்டுல இந்த வண்டி எத்தன நாளா நிக்குதுன்னு சொன்னாரு?"

"ரெண்டு மாசமா நிக்குது, கேட்டைத் தாண்டல, நீ ஓட்டினதுதான் ஓட்டம்னாரு சார். அந்தக் கடுதாசியிலயும் அப்பிடித்தான் இருக்குது." இன்னாசிராஜ் அதன் நகலைப் பையிலிருந்து எடுக்கப் போனான். வெங்கடாசலம் நகலை வாங்கவில்லை. பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து. 'சீனுவாசன் - மலர்க்கொடி திருமணம். 10-6-84 ஞாயிறு. கிளியனூர்.'

"இந்தக் கல்யாணத்துக்கு நீங்க போனீங்களா?"

"இல்லீங்க சார். டிக்கில ஸ்டெப்னிக்கு அடியில கெடந்துச்சு இந்தப் பை. துவைச்சுப் பொழங்கிக்கினு இருக்கேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே அந்தத் தேதி உறைத்தது. பத்தாம் தேதி, ஞாயிறு. அன்று காலை அவன் இதே எண்ணுள்ள காரை விக்கிரவாண்டி ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வாரமாக அந்தத் தேதியைக் கையில் பிடித்துக்கொண்டே ஊர் ஊராக அலைந்திருக்கிறான்.

மறுநாள் இன்னாசிராஜும் வெங்கடாசலமும் துரைக்கண்ணுவும் பாண்டிச்சேரி பஸ் ஏறிக் கிளியனூரில் இறங்கினார்கள். மலர்க்கொடியின் அப்பா பெரியசாமி, கல்யாண ஆல்பம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றதும் பாய் விரித்து மோர் கொடுத்தார். கல்யாணத்தில் யார் யார் முகம் கோணினார்கள் என்பதுவரை சொன்னார்.

"கார் எங்கேர்ந்து வந்துதுங்க?" என்று கேட்டார் வெங்கடாசலம்.

"விழுப்புரத்துலேர்ந்து. பச்சைமுத்துன்னு எங்க பங்காளி வழில ஒரு புள்ள. மொதலாளி வண்டி ஒண்ணு சும்மா நிக்குது மாமா, ஒரு நாளைக்கு வெளிய போயிருக்கணும்னு சொல்றாரு, பெட்ரோல் மட்டும் போடுங்கன்னுச்சு. அந்தப் புள்ளையோட கூட்டாளி ஒருத்தன் ஓட்டிக்கினு ஏழு மணிக்கெல்லாம் வந்து நின்னுட்டான். சாயந்திரம்தான் திரும்பினான். வழில ரெண்டு தபா கொதிச்சுப் போச்சுன்னு ஒரே பேஜாரு."

துரைக்கண்ணு ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர், "சார்!" என்று கத்தினார். பூச்சரம் தொங்கும் வெள்ளை அம்பாசிடரிலிருந்து மணப்பெண் இறங்குகிறாள். பம்பருக்கு மேல் 2714. அடுத்த பக்கத்தில் அதே கார். மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறுகிறார்கள்.

"ஆனா சார்," துரைக்கண்ணுவின் முகம் சுருங்கியது. "போட்டோல மணி இல்லையே. ராஜாமணி, காலைல கல்யாணத்துக்குப் போச்சு, அப்புறம் விழுப்புரத்துக்கு வந்துச்சுன்னு அடிச்சுப் பேசுவானே!"

"மணி இருக்குது துரை. கழுத்தைப் பாருங்க."

முதல் படத்தில் மலர்க்கொடியின் கழுத்தில் மாலை மட்டும்தான். இரண்டாவதில் மாலைக்கு நடுவே மஞ்சள் பளபளக்கத் தாலிக்கயிறு.

"முகூர்த்தம் எத்தன மணிக்குங்க?"

"ஒம்போதுலேர்ந்து பத்தரை," என்றார் பெரியசாமி. "ஒம்போதே முக்காலுக்குத் தாலி ஏறுச்சு. பத்தேகாலுக்கு கோயிலுக்குக் கிளம்பினாங்க, இந்தக் காருலதான்."

தாலி ஏறுவதற்கு முன்னாலும் கார் கிளியனூரில். ஏறின பின்னாலும் கிளியனூரில். அந்த இடைவெளியில்தான் இன்னாசிராஜ், ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு 2714ஐ ஓட்டினான். பத்து மணிக்கு அங்கே விட்ட கார் பத்தேகாலுக்கு இங்கே வந்திருக்க முடியாது.

இன்னாசிராஜுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். தான் பைத்தியம் இல்லை. ஆனால் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது இன்னொரு எண்ணம் வந்தது. தான் ஓட்டிய அந்தக் கார் எங்கே? அது கிடைத்துவிட்டால் போதும். பணம்கூட வேண்டாம், அந்தக் காரைக் கொடுத்தால் போதும்.

அதை வெங்கடாசலத்திடம் சொன்னான். "அந்தக் கார் உங்களுக்குக் கெடைக்காது இன்னாசிராஜ்," என்றார் அவர். "அது விக்கிறதுக்கு நின்ன கார் இல்ல."

அடுத்த திங்கட்கிழமை காலை ராஜாமணியின் யார்டில் நாற்காலிகள் போடப்பட்டன. சர்வேயர் வருகிறார் என்றதும் இன்சூரன்ஸ் வேலை ஏதோ என்று நினைத்து ராஜாமணியே குடிக்கக் கலர் சோடா வாங்கி வைத்திருந்தார். வெள்ளை வேட்டியும் ஆறடி உயரமுமாக, வாசலுக்கே வந்து வரவேற்றார். பின்னால் இன்னாசிராஜும் அமல்ராணியும் வருவதைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அவர்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளை அம்பாசிடர் சத்தமில்லாமல் வந்து நின்று, அதிலிருந்து குள்ளமான ஒரு பெண்மணி இறங்கியதும் சுத்தமாகக் காணாமல் போனது. விழுப்புரத்தில் தானே கார் ஓட்டிக்கொண்டு பிரசவம் பார்க்கப் போகும் டாக்டர் கிருஷ்ணவேணியைத் தெரியாதவர்கள் குறைவு.

இன்னாசிராஜ் டாக்டரைப் பார்க்கவில்லை. காரின் என்ஜின் நிற்கும் சத்தத்தைக் கேட்டான். அதே சத்தம்.

"ராஜாமணி சார், நீங்க எழுதி வாங்கின கடுதாசியைப் படிக்கிறேன்," என்றார் வெங்கடாசலம். "'10-6-84 ஞாயிறு காலை 9.15 முதல் 10 வரை, இரண்டு மாதமாக இந்த இடத்தை விட்டு நகராத 2714ஆம் எண் காரை நானே ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்தேன்.' இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா. தேதி, மணி எல்லாம் போட்டு வாங்கினேன். பின்னால தகராறு வரக் கூடாதுன்னுதான்."

"அது ரொம்ப நல்லதாப் போச்சு." அவர் இரண்டு போட்டோக்களை மேஜையில் வைத்தார். "அதே நேரத்துல 2714 கிளியனூர்ல கல்யாணக் காரா நின்னுக்கினு இருந்துச்சு. தாலிக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. அப்ப இன்னாசிராஜ் ஓட்டினது எது?"

பச்சைமுத்து ஷெட்டுப் பக்கம் நகரப் பார்த்தான். துரைக்கண்ணு தொந்தியோடு வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் காரோட சீட்டு ஸ்டியரிங்கை ஒட்டி இழுத்து வச்சிருந்துச்சு. இங்க இருக்கிறவங்க எல்லாம் ஒசரம். அப்ப ஓட்டுறவங்க வேற, குள்ளம். உள்ள ஆஸ்பத்திரி வாசனை. கறை பட்டா திட்டுற ஒரு அம்மா. பதினொரு மணிக்கு வந்து எடுத்துக்கினு போற அம்மா. டாக்டரம்மா, உங்க சர்வீஸ் பில்லைக் காட்டுங்க."

டாக்டர் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ராஜாமணி ஷெட்டின் பில். ஜூன் பத்து, ஞாயிறு. கார் உள்ளே வரும்போது மீட்டர் 41305.

"இன்னாசிராஜ் நோட்டுல 41306லேர்ந்து 41332. அதாவது உங்க கார்தான் விக்கிரவாண்டிக்குப் போச்சு, 2714னு இன்னொரு பிளேட்டை மாட்டிக்கினு."

"வீட்டுக்கு வந்து பார்த்தப்போ ஓட்டம் கூடியிருந்துது. கேட்டதுக்கு டிரையல் பாத்தோம்னு சொன்னான்," என்றார் டாக்டர். பச்சைமுத்து தரையைப் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே மாடல், ஒரே வெள்ளை. உள்ள இருந்த வித்தியாசத்தை மறைக்கத்தான் சீட் கவர், பெயிண்ட். மீட்டரைக்கூட டாக்டரம்மா கார் கணக்குக்குத் திருப்பி வச்சுட்டீங்க. ஆர்சி புக்கை மட்டும் அன்னிக்குக் காட்டல. காட்டியிருந்தா என்ஜின் நம்பரை ஒத்துப் பாத்திருப்பாரு. ஒரே யார்டுல ரெண்டு 2714 நிக்கக் கூடாதுன்னு பழசை வெளிய அனுப்பச் சொன்னீங்க. பச்சைமுத்து அதைச் சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு வுட்டுட்டான். அங்க போட்டோ எடுப்பாங்கன்னு நெனக்கல."

இன்னாசிராஜ் காத்திருந்தான். உண்மை வெளியே வந்துவிட்டால் ஏதோ நடக்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். என்ன நடக்கும் என்று யோசித்ததில்லை. இப்போது வெளியே வந்துவிட்டது. ராஜாமணி ஒரு கலர் பாட்டிலைத் திறந்து அவரே குடித்தார்.

"சரி சார். ஒத்துக்கிறேன்னே வச்சுக்குங்க," என்றார் வாயைத் துடைத்தபடி. "போலீசுக்குப் போங்க. மொதல்ல அந்தக் காரைக் கேஸ் சொத்துன்னு புடிச்சு ஸ்டேஷன் வாசல்ல நிறுத்துவாங்க. எத்தன வருஷம் நிக்கும்னு சர்வேயருக்குத் தெரியும். டாக்டரம்மா காரையும் ஒருவேளை நிறுத்துவாங்க. கேஸ் முடியறதுக்குள்ள டயர்ல செடி மொளைச்சுடும். நான் ஜாமீன்ல வந்து இதே எடத்துல வியாபாரம் பண்ணிக்கினு இருப்பேன். இல்லியா சார்?"

இன்னாசிராஜ் வெங்கடாசலத்தைப் பார்த்தான். எதையாவது சொல்லி அந்த ஆளை அடக்கிவிடுவார் என்று எதிர்பார்த்தான். வெங்கடாசலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லைன்னு சொல்ல மாட்டேன்," என்றார் தணிந்த குரலில்.

"எங்காரை எடுத்துக்கினு போனதுக்கு நான் கம்ப்ளெய்ன்ட் குடுப்பேன்," என்றார் டாக்டர். குரலில் கோபம் இருந்தது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆனா கோர்ட்டுக்கு அலைய என்னால முடியாது. பொய் சொல்லி என்ன ஆவப் போவுது?"

டாக்டரின் புகார் என்ற அந்த ஒரு மிரட்டல்தான் அவர்களிடம் இருந்தது. அதைக்கொண்டு வெங்கடாசலம் ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில் ராஜாமணி இறங்கி வந்த இடம் இதுதான்: காரைத் திருப்பி எடுத்துக்கொள்வார். பெயர் மாற்றியது, பெயிண்ட், சீட் கவர், ஓடின ஓட்டம் என்று கழித்துக்கொண்டு இருபத்து நாலாயிரம் கொடுப்பார். பதிலுக்கு, நடந்ததைப் பற்றி இன்னாசிராஜ் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

"இது நியாயம் இல்ல," என்றார் துரைக்கண்ணு. அவர் கண் கலங்கியிருந்தது. "சார், எல்லாத்தையும் கண்டுபுடிச்சோமே சார்!"

"கண்டுபுடிக்கிறதுதான் என் வேலை துரை. தீர்ப்பு சொல்றது இல்ல." வெங்கடாசலம் இன்னாசிராஜ் பக்கம் திரும்பினார். "போட வாணாம்னா போட வாணாம். கேஸ் நடத்தினா நான் சாட்சிக்கு வர்றேன், எத்தன வருஷம் ஆனாலும். ஆனா அதுவரைக்கும் நீங்க எத வச்சு சாப்பிடுவீங்கன்னு எனக்குத் தெரியல."

இன்னாசிராஜ் அமல்ராணியைப் பார்த்தான். அவன் கையெழுத்துப் போட்டான். வெங்கடாசலமும் துரைக்கண்ணுவும் சாட்சி போட்டார்கள். அமல்ராணியைக் கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் கிளம்பும்போது, இன்னாசிராஜ் தன்னையறியாமல் காருக்குப் பக்கத்தில் போய் நின்றான். "நல்ல வண்டிம்மா," என்றான். டாக்டர் அவனை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். கார் போய்விட்டது. சத்தம் முதலில் மறைந்தது. கார் பிறகுதான் மறைந்தது.

"சார், ஒண்ணு மட்டும் கேக்கணும்," என்றான் வெங்கடாசலத்திடம். "நான் பாத்தது தப்பா?"

"நீங்க தேர்ந்தெடுத்தது இந்த ஜில்லாவுலயே நல்ல கார்ல ஒண்ணு. உங்க கண்ணு தப்பு பண்ணல, காதும் தப்பு பண்ணல. அவன் வித்தது வேற, அவ்வளவுதான்."

அதைக் கேட்டு ஆறுதல் வரும் என்று நினைத்தான். வரவில்லை. சரியாகப் பார்க்கத் தெரிந்தும் தப்ப முடியவில்லை என்றால், இனிமேல் எதைக் கற்றுக்கொண்டு என்ன செய்வது? ஆஸ்பத்திரியில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்து இரண்டு மாதமாகிறது. இந்தப் பணத்தில் கார் வராது. வயலும் திரும்பி வராது.

சர்வேயரும் துரைக்கண்ணுவும் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னே நடந்தார்கள். இன்னாசிராஜும் அமல்ராணியும் கேட்டைத் தாண்டும்போது, எதிரில் கணவனும் மனைவியுமாக இருவர் உள்ளே வந்தார்கள். அந்த ஆள் சட்டைப்பையில் அரபு நாட்டுப் பேனா செருகியிருந்தான். அந்தப் பெண் துப்பட்டாவை இழுத்துப் போர்த்தியபடி வரிசையாக நின்ற கார்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பேச்சைக் கேட்டால் கோட்டக்குப்பம் பக்கம் என்று தெரிந்தது.

"வாங்க பாய், வாங்க!" ராஜாமணியின் குரலில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. "உங்களுக்குன்னே ஒரு ராசியான வண்டி நிக்குது. டேய் பச்சைமுத்து, சாவிய எடு!"

இன்னாசிராஜின் கால் நின்றுவிட்டது. வாயைத் திறந்தான். மடியில் பணக்கட்டு கனத்தது. மூடிக்கொண்டான்.

"நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க," என்றாள் அமல்ராணி.

"ஆமா."

"நான் எதுலயும் கையெழுத்துப் போடலையே."

அவன் ஏதாவது சொல்வதற்குள் அவள் திரும்பி, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, யார்டுக்குள் நடந்தாள். ஆண்கள் மூவரும் ஒரு பானெட்டின் முன்னால் குனிந்திருந்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை. நேராகத் தனியே நின்றிருந்த அந்தப் பெண்ணிடம் போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

என்ன பேசுகிறாள் என்பது கேட்டுக்கு வெளியே நின்றவன் காதுக்கு எட்டவில்லை. அந்தப் பெண் முதலில் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். பிறகு இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலையை உயர்த்தி, பானெட்டில் குனிந்திருந்த தன் கணவனைப் பேர் சொல்லாமல், சத்தமாகக் கூப்பிட்டாள்.